எலி மருந்து கொடுக்கப்பட்ட அமெரிக்க அதிபர்: ஐசன்ஹோவரின் இதயம் சொல்லும் பிளட் தின்னர் கதை

1955 செப்டம்பர் 26, திங்கட்கிழமை. நியூயார்க் பங்குச்சந்தை திறந்ததுமே சரியத் தொடங்கியது. அன்று மாலைக்குள் 6 சதவீதத்துக்கும் மேல் வீழ்ச்சி. கரைந்துபோன மதிப்பு சுமார் 1,400 கோடி டாலர். டாலர் கணக்கில், 1929-ம் ஆண்டின் பெரும் சரிவுக்குப் பிறகு அமெரிக்கா அப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை.

போர் எதுவும் வெடிக்கவில்லை. வங்கி எதுவும் திவாலாகவில்லை. 64 வயது மனிதர் ஒருவரின் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்த மனிதர் அமெரிக்க அதிபர் ட்வைட் டி. ஐசன்ஹோவர்.

அவரைக் காப்பாற்ற டாக்டர்கள் கையில் எடுத்த மருந்துகளில் ஒன்று வார்ஃபரின். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எலியைக் கொல்ல மட்டுமே விற்ற பொருள் அது. இன்றைக்கு நம்ம வீட்டுப் பெரியவர்கள் பலரின் மாத்திரை டப்பாவிலும் அதுவோ, அதன் நெருங்கிய உறவோ இருக்கிறது. சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆகுமோன்னு பயம், சாப்பிடாவிட்டால் பக்கவாதம் வருமோன்னு பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் எப்படி முடிவெடுக்கிறார்கள்? ஐசன்ஹோவரின் வாழ்க்கையைப் பார்த்தால் விஷயம் நன்றாகவே புரியும்.

யார் இந்த ஐசன்ஹோவர்?

1890 அக்டோபர் 14-ல் டெக்சாஸ் மாகாணத்தின் டெனிசன் ஊரில் பிறந்தவர். வளர்ந்தது கேன்சஸ் மாகாணத்தின் அபிலீன் என்ற சின்ன ஊரில். வசதியான குடும்பம் கிடையாது. ஏழு ஆண் பிள்ளைகளில் மூன்றாமவர். சிறுவனாக இருந்தபோது காலில் பட்ட காயம் புரையோடி, காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, அவர் மறுத்துவிட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. கால் தப்பியது.

1915-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறினார். 1921-ல் மூன்று வயது மூத்த மகனை ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி. 1944 ஜூன் 6-ல் நார்மண்டி கடற்கரையில் படைகளை இறக்கிய முடிவு அவருடையது. வானிலை சரியில்லை, ஒரு நாள் தள்ளிவைத்து, கிடைத்த சின்ன இடைவெளியில் போகலாம் என்று சொன்னவர். தோற்றால் பழியைத் தானே ஏற்பதாக ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார். ரிஸ்க்கை எடை போடுவது அவருக்குப் புதுசு இல்லை.

ஆனா உடம்பு விஷயத்தில் அந்த எடைபோடல் ரொம்ப நாள் நடக்கவில்லை. போர்க்காலத்தில் ஒரு நாளைக்கு நான்கு பாக்கெட் சிகரெட் வரைக்கும் போனவர். 1949-ல்தான் ஒரேயடியாக நிறுத்தினார். அதோடு சட்டென்று மூக்குக்கு மேல் வரும் கோபம். 1953 ஜனவரியில் அதிபரானபோது வயது 62.

அந்த வெங்காயம்

1955 செப்டம்பரில் விடுமுறைக்கு கொலராடோ மாகாணம் டென்வருக்குப் போயிருந்தார். அது மனைவி மேமியின் பிறந்த வீடு இருக்கும் ஊர். 23-ம் தேதி கோல்ஃப் ஆடினார். நடுநடுவே வாஷிங்டனிலிருந்து போன் வர, ஆட்டம் தடைபட, இணைப்பும் சரியாகக் கிடைக்காமல், எரிச்சல் ஏறியது. மதியம் பச்சை வெங்காயம் வைத்த ஹாம்பர்கர். சாயங்காலம் வயிறு என்னவோ போல இருந்தது. வெங்காயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

நள்ளிரவு தாண்டியதும் நெஞ்சில் வலி. மேமி முதலில் கொடுத்தது வயிற்று உபாதைக்கான மருந்து. பிறகு அவருடைய சொந்த மருத்துவர் ஹோவர்டு ஸ்னைடர் அதிகாலை மூன்று மணி வாக்கில் வந்து மார்ஃபின் ஊசி போட்டார். அதிபர் தூங்கிவிட்டார். காலையில் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லப்பட்டது செரிமானக் கோளாறு என்று. ஈசிஜி எடுத்தது மதியம் 12 மணிக்கும் மேல். அப்போதுதான் மாரடைப்பு என்பது உறுதியானது, அதுவும் இதயத்தின் முன்பக்கச் சுவரில். அதற்குப் பிறகே ஃபிட்ஸ்சைமன்ஸ் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சுவலியை கேஸ் டிரபிள்னு நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுக்கிற வழக்கம் நம்ம ஊரில் மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் தலைவருக்கும், பக்கத்திலேயே டாக்டர் இருந்தும், கிட்டத்தட்ட பத்து மணி நேரம் அப்படித்தான் போயிருக்கிறது. ஸ்னைடர் அன்றிரவே சரியாகக் கண்டுபிடித்து, ஓய்வு தரத்தான் தூங்க வைத்தாரா, இல்லை வயிற்றுக் கோளாறு என்று நம்பிவிட்டாரா என்பதை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும், அந்த ஈசிஜி இன்னும் சீக்கிரம் எடுத்திருக்கப்பட வேண்டியது.

பாஸ்டனிலிருந்து புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட் வரவழைக்கப்பட்டார். பங்குச்சந்தை விழுந்த அதே திங்கட்கிழமை அவர் நிருபர்களைச் சந்தித்து, மாரடைப்பு என்றால் என்ன, இதயத்தில் என்ன நடக்கிறது என்று நாட்டுக்கே பாடம் எடுத்தார். அதிபருக்கு மலம் சரியாகப் போனது என்பதையும் சொன்னார். பலர் முகம் சுளித்தார்கள். ஆனா கட்டிலில் கிடக்கும் இதய நோயாளி முக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து டாக்டர்களின் பெரிய கவலை, அதனால் அது உண்மையிலேயே நல்ல செய்திதான்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்த மருந்து

இங்கே கொஞ்சம் பின்னால் போகணும். 1920-களில் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மாடுகள் விசித்திரமாகச் செத்தன. கொம்பு தீய்த்தால் ரத்தம் நிற்காது. காயடித்தால் நிற்காது. சில மாடுகள் காயமே இல்லாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து விழுந்தன. காரணம், இனிப்பு குளோவர் என்ற தீவனப் பயிர். ஈரத்தில் பூசணம் பிடித்த குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குத்தான் இந்தக் கதி என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடேரி, கெட்டுப்போன வைக்கோல், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம். அங்கே இருந்தவர் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர். அவருடைய குழு ஆறு வருடம் உழைத்து, 1939-ல் அந்த வைக்கோலிலிருந்து காரணப் பொருளைப் பிரித்தது. அதுதான் டைகூமரால். அதிலிருந்து வரிசையாகப் பல பொருள்களைச் செய்து பார்த்தபோது, 42-ம் எண் கொண்டது ரொம்ப வீரியமாக இருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் தந்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் அறக்கட்டளையின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

எலிக்குப் போட்டதை மனிதருக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? 1951-ல் அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள அந்த எலி மருந்தைச் சாப்பிட்டார். மருத்துவமனையில் ரத்தமும் வைட்டமின் கே-யும் ஏற்றியதும் பிழைத்துவிட்டார். அப்போதுதான் டாக்டர்களுக்கு ஒன்று பிடிபட்டது: இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, அளவோடு கொடுத்தால் கட்டுப்படுத்தலாம். 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே நோயாளி அமெரிக்க அதிபர்!

பெயரில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பிளட் தின்னர், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை என்று சொல்கிறோம். இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணீர் மாதிரி ஆக்குவதே இல்லை. ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமின் கே-யை மறுபடி பயன்படாமல் தடுத்துவிடுகிறது. அதனால் ரத்தம் உறைய அதிக நேரம் ஆகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை வேறு ரகம். ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அவை தடுக்கும். இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான், அதான் ஆஸ்பிரின் போடறோமே, இது எதுக்கு என்று பலர் கேட்கிறார்கள்.

ஏன் கொடுத்தார்கள்?

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தால் வாரக்கணக்கில் படுக்கைதான் சிகிச்சை. படுத்தே கிடந்தால் காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். இன்னொரு ஆபத்தும் இருந்தது. இதயத்தின் முன்சுவர் செத்துப்போனால், அந்தப் பகுதி துடிக்காமல் நிற்கும். அசையாத இடத்தில் ரத்தம் தேங்கி, இதய அறைக்குள்ளேயே கட்டி உருவாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஐசன்ஹோவருக்குப் பாதிக்கப்பட்டது அதே முன்சுவர்தான்.

ஆதாரம் இருந்ததா? இருந்தது, ஆனா அரைகுறையாக. 1948-ல் அமெரிக்க இதய சங்கத்தின் ஆதரவில் 16 மருத்துவமனைகளில், 800 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. உறைவு எதிர்ப்பு மருந்து பெறாதவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்திருந்தார்கள். பெற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர். பெரிய வித்தியாசம். ஆனா அந்த ஆய்வில் ஒரு ஓட்டை உண்டு. ஒற்றைப்படைத் தேதியில் வந்தவருக்கு மருந்து, இரட்டைப்படைத் தேதியில் வந்தவருக்கு இல்லை என்பதுதான் விதி. அப்படின்னா நோயாளி எந்தப் பக்கம் போவார் என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தால் சாய்வு வர வாய்ப்பு உண்டு. பின்னால் வந்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

ஆக, 1955-ல் ஒரு பக்கத் தட்டில் உறுதியான ஆபத்து, மறுபக்கத் தட்டில் ஓரளவுக்கு நம்பத்தகுந்த பலன். அதோடு அளவுகோலும் சரியில்லை. ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள், ஆனா ஒவ்வொரு லேபிலும் வேறு வேறு ரசாயனம், வேறு வேறு விடை. இன்று எல்லா லேபுக்கும் பொதுவாக இருக்கும் ஐ.என்.ஆர் கணக்கு 1980-களில்தான் வந்தது. வேகத்தைக் காட்டும் முள் ஒழுங்காக வேலை செய்யாத காரில் மலைப்பாதையில் இறங்கியது மாதிரிதான் அன்றைய டாக்டர்களின் நிலை.

ஐசன்ஹோவர் தப்பித்தார். ஒயிட் அவரை நீண்ட நாள் கட்டிலிலேயே கட்டிப்போடவில்லை. மெல்ல நாற்காலி, பிறகு நடை என்று நகர்த்தினார். இதயத்துக்கு நல்லது என்று அவர் செய்த அந்த வேலை, காலில் ரத்தம் கட்டுவதையும் தடுத்திருக்கும். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 11-ம் தேதி அதிபர் மருத்துவமனையை விட்டுக் கிளம்பினார். 1956 பிப்ரவரி 29-ல் மறுபடியும் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார்.

ஜூன் மாதம் வேறு சோதனை. சிறுகுடலில் அடைப்பு, கிரோன்ஸ் நோய். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுபோய், 9-ம் தேதி அதிகாலையில் ஆபரேஷன். மாரடைப்பு வந்து ஒன்பது மாதம்கூட ஆகாதவருக்கு வயிற்றைத் திறப்பது அன்று சின்ன விஷயம் இல்லை. அதையும் தாண்டி நவம்பரில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ரத்தக் கட்டியா, ரத்தக் கசிவா?

1957 நவம்பர் 25. மொராக்கோ மன்னரை விமான நிலையத்தில் வரவேற்றுவிட்டு அலுவலகத்துக்கு வந்த ஐசன்ஹோவருக்கு, மேசையில் இருந்த காகிதத்தை எடுக்க முடியவில்லை. எழுத்துகள் ஓடின. உதவியாளரை அழைத்தார், வாயில் வந்தது வேறு வேறு சொற்கள். மனசில் இருப்பது ஒன்று, நாக்கில் வருவது ஒன்று. பக்கவாதம்.

இந்த இடம்தான் பிளட் தின்னர் விவகாரத்தின் நடு மையம். பக்கவாதம் இரண்டு வகை. மூளை ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. முதல் வகை மறுபடி வராமல் தடுக்க, சிலருக்கு உறைவு எதிர்ப்பு மருந்து உதவும். இரண்டாவது வகையில் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம்.

இன்று அவசர சிகிச்சைப் பிரிவில் சி.டி ஸ்கேன் எடுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். 1957-ல் சி.டி ஸ்கேனே கிடையாது. முதல் மனித மூளை ஸ்கேன் லண்டனில் 1971-ல்தான் நடந்தது. ஐசன்ஹோவரின் டாக்டர்கள் பேச்சு, கை கால் அசைவு, குணமாகும் வேகம் ஆகியவற்றைப் பார்த்து, இடது பக்க மூளைத் தமனியின் சின்னக் கிளையில் அடைப்பு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அவர் வேகமாகத் தேறினார். டிசம்பர் நடுவில் பாரிஸில் நேட்டோ மாநாடு. அங்கே போய் வேலையைச் சரியாகச் செய்ய முடியவில்லை என்றால் பதவியை விட்டுவிடுவது என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டு போனார். தேறிவிட்டார். சில சொற்களில் சிக்கல் மட்டும் கடைசி வரை கொஞ்சம் இருந்தது. அதன்பிறகு 1958-ல், தான் செயல்பட முடியாமல் போனால் துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் எப்படிப் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25-வது திருத்தம் 1967-ல் நடைமுறைக்கு வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அதே நிக்சனைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 1974-ல் பதவி விலகிய கையோடு அவருக்குக் காலில் ரத்தம் கட்டி, நுரையீரல் வரை போனது. உறைவு எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் கட்டி மேலே போகாமல் தடுக்க ஆபரேஷன் செய்தார்கள். சில மணி நேரத்தில் உள்ளுக்குள் ரத்தக்கசிவு, அதிர்ச்சி நிலை, உயிர் ஊசலாடியது. பிழைத்தார். ஒரே அரசாங்கத்தின் அதிபரும் துணை அதிபரும், ஒரே ரக மருந்தின் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டார்கள்.

இன்றைக்கு ஐசன்ஹோவர் வந்தால்?

நெஞ்சுவலியோடு வந்தவுடன் ஈசிஜி, ஆஞ்சியோ, ஸ்டென்ட். பிறகு ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணு எதிர்ப்பு மாத்திரை, பொதுவாக ஒரு வருடம். வார்ஃபரின் ரகம் எல்லா மாரடைப்பு நோயாளிக்கும் தருவதில்லை. இதய அறைக்குள் கட்டி இருப்பது எக்கோவில் தெரிந்தாலோ, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ, செயற்கை வால்வு இருந்தாலோதான். மூன்று மாத்திரையும் சேர்த்துப் போட வேண்டி வந்தால், அந்தக் காலத்தை முடிந்தவரை குறைக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து எகிறும்.

பிளட் தின்னர் பெருமளவில் பயன்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்கு. இது இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. வார்ஃபரின் அந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. ஆஸ்பிரின் குறைப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் கூடவே வரும்.

இதை ஆளைக் கணக்கு வைத்துப் பார்க்கலாம். ஓரளவு ஆபத்துள்ள 100 பேர், மருந்தே இல்லாமல் ஒரு வருடம் இருந்தால் தோராயமாக 5 பேருக்குப் பக்கவாதம் வரும். வார்ஃபரின் கொடுத்தால் 2 பேருக்குக் கீழே. அதாவது மூன்று பேர் தப்புகிறார்கள். பதிலுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வரலாம். அப்போ சமம்தானே என்று தோன்றும். இல்லை. பெரிய ரத்தக்கசிவில் அதிகம் வயிறு, குடல் சார்ந்தவை. ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி செய்து மீட்க முடிகிறவை. மூளைக்குள் கசிவது 200, 300 பேரில் ஒருவருக்கு. பக்கவாதமோ பெரும்பாலும் திரும்பாத நஷ்டம். தராசில் இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தாலும் எடை ஒன்றல்ல.

அதேசமயம், வேறு எந்த ஆபத்தும் இல்லாத 45 வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்குப் பக்கவாத ஆபத்தே ரொம்பக் குறைவு, மாத்திரையின் ஆபத்துதான் மிச்சம். அதனால்தான் வயது, பி.பி, சுகர், பழைய பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு முடிவெடுக்கிறார்கள். சிக்கல் என்னன்னா, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிற வயதும் பி.பி-யும்தான் ரத்தக்கசிவு ஆபத்தையும் கூட்டுகின்றன. வயசாயிடுச்சு, விழுந்துவிடுவார், மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தும் வீடுகள் நிறைய. உண்மையில் வயதானவர்களுக்குத்தான் பலன் அதிகம். விழும் பயம் மட்டுமே மருந்தை மறுக்கக் காரணம் ஆகாது என்பதுதான் இன்றைய பொதுவான மருத்துவப் பார்வை. மாற்ற முடிகிற விஷயங்களை மாற்ற வேண்டும்: கட்டுக்கடங்காத பி.பி, குடி, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை.

2010 முதல் டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம், கீரை பற்றிய கவலை இல்லை, மூளைக்குள் கசிவு வார்ஃபரினை விட ஏறக்குறைய பாதி. அப்படின்னா பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. உலோக வால்வு வைத்தவர்களுக்குப் புதிய ரகம் கூடாது. டாபிகாட்ரானை வைத்து அப்படி நடந்த சோதனையே பாதியில் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் நிறையப் பேருக்கு இருக்கும் ருமாட்டிக் வால்வு நோயோடு துடிப்புக் கோளாறும் சேர்ந்தால், பழைய ரகம்தான் மேல் என்று 2022-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. புதியதுதான் நல்லதாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியம். நம் நாட்டில் வார்ஃபரினோடு, அதே குடும்பத்தின் அசெனோகூமராலும் பரவலாகத் தரப்படுகிறது. சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கும் புதிய மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும்.

பழைய ரகம் சாப்பிடுபவர்கள் கீரையை விட்டுவிட வேண்டும் என்று சொல்வார்கள். விடத் தேவையில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும், டோஸ் அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, ஆடி மாதம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் ஐ.என்.ஆர் ஆட்டம் காணும். பெரும்பாலானவர்களுக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். வேறு வியாதிக்கு ஆன்டிபயாடிக்கோ, நாட்டு மருந்தோ எடுத்தால் அந்த எண் ஏறி இறங்கும், டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது. பல் பிடுங்கப் போகும்போதும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனா பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நிறுத்திய நாள்களில்தான் கட்டி உருவாகும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, திடீர்த் தலைவலியோடு வாந்தி, தடுமாற்றம் வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

இதயம் நல்லா இருக்கிற வயதானவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தினமும் ஆஸ்பிரின் போடும் பழக்கமும் மாறிவிட்டது. 2018-ல் வந்த பெரிய ஆய்வுகள், அவர்களுக்குப் பலனை ரத்தக்கசிவு தின்றுவிடுகிறது என்று காட்டின. ஏற்கனவே மாரடைப்போ ஸ்டென்டோ ஆனவர்களுக்கு இது பொருந்தாது.

கடைசி ஆண்டுகள்

1961 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து ஐசன்ஹோவர் கெட்டிஸ்பர்க் பண்ணைக்குப் போனார். எழுதினார், கோல்ஃப் ஆடினார். மாரடைப்புக்குப் பிறகு அவர் முழுதாகப் பத்து வருடம் அடுத்த தாக்குதல் இல்லாமல் இருந்தது, 1955-ல் அவருக்கு நாள் குறித்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்று. 1965 நவம்பரில் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் இரண்டாவது முறை. 1968-ல் அடுத்தடுத்துப் பல முறை. இதயம் நின்று நின்று, மின் அதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். கடைசி பத்து மாதத்துக்கும் மேல் வால்டர் ரீட் மருத்துவமனையிலேயே இருந்தார். 1969 மார்ச் 28-ம் தேதி, 78 வயதில் இதயச் செயலிழப்பால் இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் டாக்டர்கள் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. அட்ரீனல் சுரப்பியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. அட்ரினலின் போன்ற ரசாயனங்களைச் சுரந்து பி.பி-யைத் திடீர் திடீரென்று ஏற்றக்கூடிய ரகம். அவருடைய பி.பி ஏறி இறங்கியதும், முகம் சிவந்து கோபம் கொப்பளித்ததும் இதனால்தானா என்று பின்னாளில் மருத்துவர்கள் எழுதினார்கள். கட்டுக்கடங்காத பி.பி-யோடு உறைவு எதிர்ப்பு மருந்து சேர்ந்தால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். இப்படி ஒரு கட்டி இருக்கிறது என்பது, உயிரோடு இருந்தவரை அவருக்கும் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது.